கறுப்புப் பூஞ்சையும் எங்கள் கிளினிக் நாளும்

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



போன கூட்டத்தில் சம்பளம் பேசினோம். அதற்கு முந்திய கூட்டத்தில் கூரைத் தகரம் பேசினோம். இன்றைக்கு ஒரு நோயைப் பற்றிப் பேசச் சொல்லி மாதர் தலைவி எங்களைக் கேட்டார். சங்கக் கூட்டத்தில் நோயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பேச்சு முடியும்போது இதுவும் சங்க விசயம்தான் என்பது விளங்கும்.

பேசப் போவது பூஞ்சணத்தைப் பற்றி. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் இதைப் பங்கசு என்று படிப்பிக்கிறோம். மலையகத்தில் பிறந்த நமக்கு இது புதிய விசயம் அல்ல. நம்முடைய முப்பாட்டன்மார் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் வந்தது. அது ஒரு பங்கசு நோய். இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன, அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் வந்து சேர்ந்தது. மழையும் மூடுபனியும் விடாமல் இருக்கும் மாதங்களில் இளங்கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக வருகிறதே, அதுவும் பங்கசுதான். அதற்குத்தான் செம்பு கலந்த மருந்து அடிக்கிறார்கள்.

செடியைப் பிடிக்கிற பூஞ்சணத்தை எல்லோருக்கும் தெரியும். மனிதரைப் பிடிக்கிற பூஞ்சணத்தைப் பற்றி 2021இல்தான் பலரும் கேள்விப்பட்டோம். கொவிட் இரண்டாம் அலை இந்தியாவைப் போட்டு உலுக்கிய நேரம் அது. டீவியில் "கறுப்புப் பூஞ்சை, கறுப்புப் பூஞ்சை" என்று காலையும் மாலையும் சொன்னார்கள். கொவிட்டிலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு முகம் வீங்கியது, கண் பார்வை போனது, சிலர் இறந்தும் போனார்கள். 2021 மே மாதத்தில் இந்திய மத்திய அரசு இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டு அரசும் அப்படியே அறிவித்தது. அந்த வருடம் ஜூலை மாதம் வரைக்கும் 45,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வந்தது, 4,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று இந்திய சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார்.

அந்தச் செய்தி எங்களுக்குத் டீவியில் மட்டும் வரவில்லை. தொலைபேசியிலும் வந்தது. எங்கள் சங்கத் தோழர் ஒருவருடைய சித்தப்பா குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள். அங்கேயும் தேயிலைதான். 2021 மே மாதத்தில் சித்தப்பாவுக்குக் கொவிட் வந்தது. அவருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. பக்கத்து வீட்டில் கொவிட் வந்து சுகமானவரின் மருந்துத் துண்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கினார்கள். மாத்திரை போட்டதும் உடம்பு வலி போனது, பசி எடுத்தது, நல்ல தெம்பாக இருந்தது. அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் அந்த மாத்திரையைத் தொடர்ந்து போட்டார். அது ஸ்டீரொய்ட் மாத்திரை. அது அவருக்குத் தெரியாது.

மூன்று கிழமை கழித்து மேல் பல் வரிசையில் ஒரு பக்கம் மட்டும் வலி. பல்லு வலிதானே என்று பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஆறவில்லை. பிறகு அதே பக்கத்துக் கன்னம் மரத்துப் போனது. மூக்கு அடைத்தது. கண் இமை தொங்கியது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன நேரம் அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது. கண்ணையும் மேல் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்து, கிழமைக் கணக்கில் மருந்து ஏற்றி, உயிரைக் காப்பாற்றினார்கள். மனுசன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். "பல்லு வலி என்றுதான் நினைச்சோம்" என்று சித்தி தொலைபேசியில் சொன்ன சொல் எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் என்றால், நம்முடைய லயத்தில் இருக்கிற யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இந்தப் பூஞ்சணம் எங்கே இருக்கிறது? எங்கும் இருக்கிறது. மண்ணில், மக்கிய இலையில், கூட்டெருவில், அழுகிய பழத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் கிடந்த பாணில் பஞ்சு மாதிரி வெள்ளையும் கறுப்புமாகப் பூக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனுடைய வித்து கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மிதக்கிறது. நாம் எல்லோரும் தினமும் அதை மூச்சோடு இழுக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. உடம்பில் உள்ள வெள்ளை இரத்தக் கலங்கள் அதை உடனே பிடித்து அழித்துவிடுகின்றன. பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு அல்ல, அந்தக் காவல் தளர்ந்து போவதற்குத்தான்.

காவல் எப்போது தளரும்? இரத்தத்தில் சீனி கூடி, அது பல நாள் கூடியபடியே இருந்தால் வெள்ளைக் கலங்கள் சோர்ந்துவிடும். சீனி மிகவும் கூடி இரத்தத்தில் அமிலம் ஏறினால், இரத்தத்தில் கட்டுப்பட்டிருக்கும் இரும்புச் சத்து அவிழ்ந்து பூஞ்சணத்துக்குத் தீனியாகிவிடும். சிறுநீரகமோ வேறு உறுப்போ மாற்றியவர்கள், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கும் காவல் தளர்ந்திருக்கும். நீண்ட நாள் ஸ்டீரொய்ட் எடுத்தாலும் தளரும். காவல் தளர்ந்த உடம்பில் இந்த வித்து மூக்குக்குள் முளைக்கும். அங்கிருந்து கன்ன எலும்புக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும். அது இரத்தக் குழாய்க்குள் வேர்விட்டு இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். இரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துப் போகும். அதனால்தான் கறுப்புப் பூஞ்சை என்று பெயர். பூஞ்சணத்தின் நிறம் கறுப்பு அல்ல, செத்த சதையின் நிறம்தான் கறுப்பு. வைத்தியர்கள் இதை மியூகோர்மைகோசிஸ் என்கிறார்கள்.

சீனியும் ஸ்டீரொய்ட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தியா 2021இல் பார்த்தது. ஸ்டீரொய்ட் காவலையும் தளர்த்தும், சீனியையும் ஏற்றும். போதாததற்குக் கொவிட்டும் உடம்பைப் பலவீனப்படுத்தியிருந்தது. நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் சீனி நோயாளிகள், ஸ்டீரொய்ட் எடுத்தவர்கள்.

அப்படியென்றால் ஸ்டீரொய்ட் விசமா? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீரொய்ட்டை ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், கூடியது 10 நாள் கொடுத்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அதாவது, சரியான ஆளுக்கு, சரியான அளவில், சரியான நாள் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறவர் அடுத்தவர் துண்டைக் காட்டி வாங்கிப் போட்டால் ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இழுப்பு வருத்தத்துக்கோ மூட்டு வருத்தத்துக்கோ வைத்தியர் ஸ்டீரொய்ட் கொடுத்திருந்தால், இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல நாள் எடுத்த ஸ்டீரொய்ட்டைத் திடீரென்று விடுவதும் ஆபத்து. வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அந்த நேரம் வந்த வதந்திகளும் கொஞ்சம் இல்லை. வெங்காயத் தோலில் இருக்கிற கறுப்புத்தான் கறுப்புப் பூஞ்சை என்று ஒரு செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றியது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில்கூட வெங்காயத்தைத் தூக்கி வீசினார்கள். அது வேறு பூஞ்சணம். கழுவி, தோலை உரித்துச் சமைத்தால் போதும். அடுத்தவருக்குத் தொற்றும் என்று பயந்து நோயாளியைத் தள்ளி வைத்தவர்களும் உண்டு. இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கலாம், சாப்பாடு ஊட்டலாம், கையைப் பிடிக்கலாம். பிறகு வெள்ளைப் பூஞ்சை, மஞ்சள் பூஞ்சை என்று புதுப் புதுப் பெயர் வந்தது. நிறத்தை வைத்துப் பெயர் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்று டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் பணிப்பாளராக அப்போது இருந்த டொக்டர் ரன்தீப் குலேரியாவே சொல்ல வேண்டி வந்தது.

இப்போது அடையாளங்களைக் கேளுங்கள். சீனி நோயாளி ஒருவருக்கு, அல்லது ஸ்டீரொய்ட் எடுத்தவருக்கு, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், வீங்கினால், மரத்துப் போனால் கவனியுங்கள். மூக்கு ஒரு பக்கம் அடைத்து, கறுப்பாகவோ இரத்தம் கலந்தோ சளி வந்தால் கவனியுங்கள். காரணம் இல்லாமல் மேல் பல் வலித்து ஆடத் தொடங்கினால், வாயின் மேல் அண்ணத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் கவனியுங்கள். கண் சிவந்து வீங்கி, இமை தொங்கி, ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பார்வை மங்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். தடிமன் என்றால் பொதுவாக இரண்டு மூக்கும் அடைக்கும். ஒரு பக்கம் மட்டும் என்பதுதான் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய சொல்.

இதற்கு மருந்து உண்டு. அம்போடெரிசின் என்று பெயர். 1950களில் வெனிசுவேலா நாட்டின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து அது. நோயும் மண்ணிலிருந்து, மருந்தும் மண்ணிலிருந்து. ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாகப் பல நாள் ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடிய மருந்து என்பதால் தினமும் இரத்தம் பார்க்க வேண்டும். அதோடு செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும், சீனியையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சுகம். 2021 மே மாதத்தில் இந்தியாவில் இந்த மருந்துக்குப் பெரும் தட்டுப்பாடு வந்து, சொந்தக்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். முந்திப் போனால் குறைந்த வெட்டோடு முடியும். பிந்திப் போனால் கண் போகும், உயிரும் போகும்.

இனி நம் வீட்டு விசயத்துக்கு வருவோம்.

போன மழைக்காலத்தில் எங்கள் டிவிஷனில் ஒரு அக்காவுக்குக் காய்ச்சல் வந்து விட்டது. நான்கு நாள் கழித்துப் பிரட்டுக்களத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டால் பல்லு வலி என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டோம். இடது பக்கம் மட்டும். மூக்கும் அந்தப் பக்கம்தான் அடைப்பு. அவர் சீனி நோயாளி. எங்களுக்குக் கோத்தகிரிச் சித்திதான் ஞாபகத்துக்கு வந்தார். தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனோம். சீனி பார்க்கிற இயந்திரம் இருந்தது, அதற்குப் போடுகிற பட்டி இல்லை. முடிந்து இரண்டு மாதமாம். 1990க்குக் கோல் எடுத்தோம். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சீனி பார்த்தால் 400க்கு மேல். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, படமும் எடுத்தார்கள். நல்ல காலம், பூஞ்சணம் இல்லை. சாதாரணக் கிருமியால் கன்ன எலும்புக்குள் வந்த சீழ். ஒன்பது நாள் வைத்திருந்து சுகமாக்கி அனுப்பினார்கள்.

வீணாக அலைந்தோமே என்று யாராவது நினைக்கலாம். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. இந்தச் சீனியோடு இன்னும் ஒரு கிழமை வீட்டில் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்கலாம் என்றார். அக்காவின் பையில் இருந்த மாத்திரையையும் பார்த்தார். முழங்கால் வலிக்கு என்று டவுன் கடையில் துண்டும் இல்லாமல், பெயர் எழுதாத கடதாசியில் சுற்றி மாதக் கணக்கில் வாங்கிய மாத்திரை. அதுவும் ஸ்டீரொய்ட்தான். கோத்தகிரியில் நடந்தது எங்கள் டிவிஷனில் நடப்பதற்கு ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது.

அக்காவிடம் கேட்டோம், ஏன் கிளினிக் போகவில்லை என்று. அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தப் பேச்சைச் சங்கக் கூட்டத்தில் பேசுகிறோம். "கிளினிக் போனா அன்னைக்குப் பேர் இல்லையே டீச்சர்." மாதம் ஒரு கிளினிக் என்றால் மாதம் ஒரு பேர் போகிறது. பஸ் காசு வேறு. அதனால் மூன்று மாதம் போகவில்லை. மருந்து முடிந்தது, சீனி ஏறியது. முழங்கால் வலித்தால் மலைக்கு ஏற முடியாது, ஏறாவிட்டால் பேர் இல்லை. அதனால் கடை மாத்திரை. அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு பேரைக் காப்பாற்றப் போய் உயிரை அடகு வைத்திருந்தார்.

சங்கமும் பிழை விட்டிருக்கிறது. அதையும் ஒத்துக்கொள்கிறோம். 2021இல் லயங்களை மூடி வைத்தபோது நாங்கள் அரிசி, பருப்புப் பொதிகளை எண்ணினோம், தடுப்பூசி வரிசையைப் பார்த்தோம். எத்தனை பேருக்குக் கிளினிக் தவறிப் போனது என்று ஒரு பட்டியல் எடுக்கவில்லை. அடுத்த முறை ஒரு பெருநோய் வந்தால் அந்தப் பிழையை விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் முதல் முறையாக, மனிதருக்கு ஆபத்தான 19 பங்கசு வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. கறுப்புப் பூஞ்சையை உண்டாக்கும் வகையும் அதில் இருக்கிறது. உலகமே பட்டியல் எடுக்கும்போது நம் லயத்துக்கு நாம் ஒரு பட்டியல் எடுக்க முடியாதா?

ஆகவே கிளையின் சார்பில் நிர்வாகத்திடம் நான்கு விசயம் கேட்கப் போகிறோம்.

முதலாவது, கிளினிக் கொப்பியில் திகதி முத்திரை இருந்தால் அந்த நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. இரண்டாவது, டிஸ்பென்சரியில் சீனி பார்க்கும் பட்டி எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாவது, கூட்டெரு சுமப்பவர்களுக்கும், கான் வெட்டுபவர்களுக்கும், கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் கையுறையும் சப்பாத்தும் தர வேண்டும். இது ஆடம்பரம் அல்ல. மண்ணிலும் எருவிலும் வேலை செய்யும்போது சப்பாத்து, கையுறை, நீளக் கை உடுப்புப் போடச் சொல்லி 2021இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே அறிவுரை கொடுத்தது. சீனி நோயாளியின் காலில் வரும் சிறு காயம்கூடச் சிறிய விசயம் அல்ல. நான்காவது, ஒழுகும் லயக் கூரைகளைத் திருத்த வேண்டும். சுவரில் பூக்கிற பூஞ்சணம் எல்லோருக்கும் கறுப்புப் பூஞ்சையைக் கொண்டுவராது. பொய் சொல்லிக் கேட்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அது இழுப்பு வருத்தக்காரரின் மூச்சைக் கெடுக்கிறது, காவல் தளர்ந்தவருக்குக் கெடுதல் செய்கிறது. அதுவே போதுமான காரணம்.

நிர்வாகம் தரும் வரைக்கும் நாம் செய்யக் கூடியதும் இருக்கிறது. சீனி இருப்பவர்கள் கிளினிக்கைத் தவற விடாதீர்கள். சீனி இருக்கிறதா என்று தெரியாத நாற்பது வயதுக்காரர்கள் ஒரு தரம் இரத்தம் பாருங்கள். காலையில் சாப்பிடாமல் பார்க்கும்போது 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம் வைத்தியரைக் காண வேண்டும். பெயர் எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள், அடுத்தவர் துண்டில் மருந்து எடுக்காதீர்கள். காய்ச்சல் வந்து சுகமான சீனி நோயாளியின் முகத்தை ஒரு மாதத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வலி என்றால் தலைவருக்குச் சொல்லுங்கள், மாதர் தலைவிக்குச் சொல்லுங்கள், எங்களுக்குச் சொல்லுங்கள். அல்லது நேராக 1990க்குச் சொல்லுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

பாடசாலையில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கிழமையிலிருந்து ஒரு வேலை செய்யப் போகிறார்கள். தங்கள் லயத்தில் யார் யாருக்கு எந்தத் திகதியில் கிளினிக் என்று கேட்டு எழுதிக்கொண்டு, முதல் நாள் மாலையில் ஞாபகப்படுத்துவார்கள். தாத்தா பாட்டிமார் கோபித்துக்கொள்ளாமல் கொப்பியைக் காட்டுங்கள்.

அந்த அக்கா இன்றைக்கும் இங்கே இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. ஆனால் அவருடைய சம்மதத்தோடுதான் இதையெல்லாம் சொன்னோம். அவருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். அன்றைக்கு அவருடைய பேர் வெட்டப்படுகிறதா இல்லையா என்று பார்ப்போம். வெட்டினால், புதன்கிழமை காலை பிரட்டுக்களத்தில் அதைக் கேட்க அவர் தனியாகப் போகக் கூடாது. நாம் எல்லோரும் போக வேண்டும்.